மணிலா மூட்டைக்கு வரும் மரத்து வண்டு
(பண்ணை வானொலி உரை)



செய்யூர், சூணாம்பேடு, இலத்தூர், கடப்பாக்கம் பக்கமெல்லாம் நெல்லுக்கு அடுத்தபடி கை கொடுப்பது மணிலாதான். மல்லாட்டை என்றாலும் வேர்க்கடலை என்றாலும் அதுதான். பங்குனி, சித்திரையில் பிடுங்குகிறோம், காய வைக்கிறோம், அடுத்த போகத்துக்கு விதைக்கென்று நல்ல காயாகப் பார்த்து நாலைந்து மூட்டை கட்டி வைக்கிறோம். மழை விழுந்ததும் மூட்டையை அவிழ்த்துப் பார்த்தால், காயின் ஓட்டிலே குண்டூசித் தலையைவிடப் பெரிசாக வட்ட ஓட்டை. உள்ளே பருப்பு இருந்த இடத்தில் வெறும் தூள். "கட்டும்போது நல்லாத்தானே கட்டினேன், இது எங்கிருந்து வந்துச்சு?" என்று பல பேர் கேட்கிறார்கள்.

அந்த வண்டு மூட்டையில் தானாகப் பிறக்கவில்லை. கிடங்குச் சுவரிலிருந்தும் பழைய சாக்கிலிருந்தும் கொஞ்சம் வரும், வாஸ்தவம்தான். ஆனால் அதனுடைய பிறந்த வீடு மரம். நம்ம வீட்டுப் புளியமரம், வேலியோரத்துக் கருவேலம், கோவில் பக்கத்துக் கொன்றை, ஏரிக்கரை வேலிக்காத்தான் இவற்றின் நெற்றுக்குள்ளே இருக்கிற கொட்டைதான் அதற்குப் சாப்பாடு. மணிலா நம்ம நாட்டுக்குத் தென் அமெரிக்காவிலிருந்து பிற்பாடு வந்த பயிர். இந்த வண்டு அதற்கு எவ்வளவோ காலம் முன்பிருந்தே புளியங்கொட்டையைத் தின்று பிழைத்து வந்தது. மணிலா வந்ததும் அதையும் சாப்பாடாக்கிக்கொண்டது. புளியும் கருவேலும் மணிலாவும் ஒரே குடும்பம், எல்லாம் அவரை இனம். அதனால் அதற்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

இந்த வண்டை அடையாளம் தெரிந்துகொள்ள வேண்டும். பயறு வண்டைவிடப் பெரியது. அரிசி நீளத்துக்கு, அதாவது 4 முதல் 7 மில்லிமீட்டர் இருக்கும். செம்பழுப்பு நிறம், மேலே கறுப்புப் புள்ளிகள். பின்னங்காலைப் பார்த்தால் போதும், சந்தேகம் தீர்ந்துவிடும். தொடை வீங்கினாற்போலத் தடித்து, அடிப்பக்கத்தில் சீப்புப் பல் மாதிரி முள் வரிசை இருக்கும். பகலில் சாக்கு மடிப்பிலும் இடுக்கிலும் பதுங்கிக் கிடக்கும். பொழுது சாய்ந்த பிறகுதான் நடமாட்டம்.

விஞ்ஞானிகள் இதைக் காரியெடான் செராட்டஸ் என்கிறார்கள். நாம் புளி வண்டு என்றே சொல்லிக்கொள்வோம். மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் என்று ஒரு நாடு, அங்கேயும் மணிலாதான் முக்கியப் பயிர். நூறு வருஷத்துக்கு முன்பே அங்கே இந்த வண்டு மணிலாக் குவியலைத் துளைப்பதைக் கண்டு எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கேயும் சுற்றுப்புறத்துப் புளியிலும் காட்டு மரங்களிலும் இது வாழ்கிறது. ஆக, இது நம்ம ஊர்த் தொல்லை மட்டும் இல்லை.

இனி, அது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். இது புரிந்தால்தான் தடுப்பது புரியும்.

தாய் வண்டு காயின் ஓட்டுக்கு வெளியே முட்டை ஒட்டுகிறது. பால் நிறத்தில், கண்ணாடி மாதிரி, கடுகைவிடச் சின்னதாக இருக்கும். உற்றுப் பார்த்தால்தான் தெரியும். ஒரு வாரத்துக்குள் முட்டை பொரிந்து, புழு முட்டைக்கு அடியிலேயே ஓட்டைத் துளைத்து நேரே உள்ளே போய்விடுகிறது. அந்தத் துளை ஊசிமுனை அளவுதான், கண்ணுக்கே படாது. உள்ளே போன புழு பருப்பைத் தின்று கொழுக்கிறது. முற்றிய பிறகு ஓட்டைப் பெரிதாகக் கடித்து, வட்டமாக ஓட்டை போட்டு வெளியே வந்து, காயின் மேலேயோ சாக்கிலோ மூட்டையின் அடியிலோ காகிதம் போன்ற வெள்ளைக் கூடு கட்டுகிறது. அந்தக் கூட்டிலிருந்து வண்டு வருகிறது. வெயில் காலத்தில் முட்டையிலிருந்து வண்டு வரை ஏறக்குறைய நாற்பது, ஐம்பது நாள்.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது.

முதலாவது, ஓட்டையைக் கண்ணால் பார்க்கிற அன்றைக்கு அந்தக் காயில் புழு வேலையை முடித்துவிட்டுப் போயாகிவிட்டது. "இப்பத்தான் ஓட்டை விழுந்திருக்கு, இனிமேல் மருந்து போடலாம்" என்றால் அந்தப் பருப்பு திரும்பாது. ஓட்டை தெரியாத காய்களிலும் புழு உள்ளே இருக்கும்.

இரண்டாவது, ஓட்டோடு இருக்கிற மணிலாவுக்கு ஓடே கவசம். உடைத்த பருப்பில் வருகிற சிவப்பு மாவு வண்டு, அந்துப்பூச்சி இதெல்லாம் முழு ஓட்டைத் துளைத்துப் போகாது. அதனால்தான் நம்ம முன்னோர்கள் விதையைக் காயாகவே வைத்தார்கள். அது சரியான வழக்கம். ஆனால் இந்தப் புளி வண்டுக்கு மட்டும் அந்தக் கவசம் ஒரு தடையில்லை. புளியம்பழத்து ஓட்டையும் கொட்டையின் தோலையும் துளைத்துப் பழகிய இனத்துக்கு மணிலா ஓடு எம்மாத்திரம்?

நாள் கணக்கும் போட்டுப் பாருங்கள். பங்குனிக் கடைசியில் கட்டிய மூட்டையில் சில வண்டு முட்டையிட்டால், ஆடியில் விதைக்கப் போகும்போது இரண்டு தலைமுறை முடிந்திருக்கும். கார்த்திகைப் பட்டத்துக்கென்று வைத்திருந்தால் நாலு, ஐந்து தலைமுறை. ஒவ்வொரு தாயும் பத்துக் கணக்கில் முட்டையிடுகிறது. நாலு வண்டு எப்படி மூட்டையைக் காலி செய்கிறது என்று இப்போது தெரிகிறதா? ஏக்கருக்கு ஏறக்குறைய 50 கிலோ பருப்பு விதையாக வேண்டியிருக்கிறது. நெல் மாதிரி இதற்கு விதைப் பெருக்கம் இல்லை. விதை போனால் வெளியே வாங்க வேண்டும், சாகுபடிச் செலவில் பெரிய செலவே அதுதான்.

நஷ்டம் விதையோடு நிற்பதில்லை. ஓட்டை விழுந்த காயில் ஈரக் காற்று புகும். பச்சையும் மஞ்சளுமாகப் பூஞ்சாணம் பிடிக்கும். அந்தப் பூஞ்சாணம் அஃப்ளடாக்சின் என்ற விஷத்தை உண்டாக்குகிறது. அது ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முழுவதும் போகாது. அப்படிப்பட்ட பருப்பிலிருந்து வந்த பிண்ணாக்கைப் பசு தின்றால் பாலிலும் விஷம் வரும். ஆகவே, "வண்டு அடிச்சதுதானே, மாட்டுக்குப் போடலாம்" என்று நினைக்கக் கூடாது. பூஞ்சாணம் பிடித்ததைப் பிள்ளைகளுக்கும் கொடுக்கக் கூடாது, மாட்டுக்கும் வைக்கக் கூடாது.

சரி, மரத்திலிருந்து மூட்டைக்கு இது எந்த வழியாக வருகிறது?

நம்ம பக்கத்தில் புளி உலுக்குவது மாசி, பங்குனியில். இறவை மணிலா பிடுங்குவதும் அதே சமயத்தில்தான். ஒரே களத்தில் ஒரு பக்கம் புளியம்பழம் காய்கிறது, இன்னொரு பக்கம் மணிலா காய்கிறது. இரவில் வண்டு இந்தக் குவியலிலிருந்து அந்தக் குவியலுக்கு நடந்தே போய்விடும். பிறகு வீட்டுக்குள்ளே வந்தால், ஒரு மூலையில் கொட்டை எடுக்காத புளிக் கூடை, பக்கத்திலேயே மணிலா மூட்டை. அண்ணன் தம்பியை ஒரே அறையில் விட்ட கதைதான். போதாக்குறைக்கு, செய்யூர்ப் பக்கம் உப்பங்கழியும் உப்பளமும் கடலும் சேர்ந்து காற்றில் எப்போதும் ஈரம். வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடம்தான் இந்த வண்டுக்கு உகந்த இடம். நன்றாகக் காய்ந்த காய்கூட இந்தக் காற்றில் திறந்து கிடந்தால் மறுபடி ஈரம் இழுத்துக்கொள்ளும்.

இதை வைத்து, செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்று: புளியையும் மணிலாவையும் பிரியுங்கள். களம் ஒன்றே என்றால் புளியை முதலில் முடித்து, களத்தைக் கூட்டிச் சுத்தம் செய்த பிறகு மணிலாவைப் பரப்புங்கள். வீட்டில் புளியைக் கொட்டையோடு போட்டு வைக்காதீர்கள். தாய்மார்கள் சீக்கிரம் உடைத்துக் கொட்டையை எடுத்துவிட்டால், வண்டுக்கு அந்தப் புளியில் வேலையில்லை. எடுத்த கொட்டையைச் சாக்கில் கட்டித் திண்ணையில் போட்டு வைப்பதுதான் பெரிய ஆபத்து. வியாபாரிக்கு உடனே போட்டுவிடுங்கள், இல்லையென்றால் வறுத்துவிடுங்கள், அல்லது அடுப்பில் போடுங்கள்.

இரண்டு: காயை நன்றாக உலர்த்துங்கள். காயில் ஈரம் நூற்றுக்கு 8, 9 பாகத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஈரம் பார்க்கும் கருவி இல்லையென்றால், காயைக் காதருகே குலுக்குங்கள், பருப்பு கலகலவென்று ஆட வேண்டும். பருப்பை விரலால் தேய்த்தால் தோல் உரிய வேண்டும். அதே சமயம், விதைக்காயைச் சித்திரை உச்சி வெயிலில் சிமெண்டுக் களத்தில் போட்டு வறுக்கக் கூடாது. முளைப்பு கெட்டுவிடும். காலை வெயில், மாலை வெயில் போதும். பொழுது சாய்வதற்கு முன் குவித்துத் தார்ப்பாயால் மூடிவிடுங்கள். பனியும் இறங்காது, இரவில் நடமாடும் வண்டும் முட்டையிட முடியாது.

மூன்று: உடைந்த காய், பிஞ்சு, மண் இவற்றைப் புடைத்து நீக்குங்கள். பிடுங்கும்போது மண்வெட்டி பட்டு வாய் பிளந்த காயை விதை மூட்டையில் சேர்க்காதீர்கள்.

நான்கு: பழைய சாக்கு. போன வருஷத்துக் கூடு சாக்கின் தையலில் ஒட்டிக்கொண்டிருக்கும். கொதிக்கும் தண்ணீரில் முக்கி எடுத்து, வெயிலில் நன்றாகக் காய வைத்த பிறகுதான் உபயோகிக்க வேண்டும். கிடங்கில் சுவர் வெடிப்பை அடைத்து, சுண்ணாம்பு பூசி, மூலை முடுக்கெல்லாம் கூட்டுங்கள். கூட்டிய குப்பையில்தான் கூடுகள் இருக்கும், ஆகவே வாசலில் கொட்டாமல் கொளுத்திவிடுங்கள். மூட்டையை வெறும் தரையில் போடாமல் கட்டையின் மேல் அடுக்கி, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள்.

ஐந்து: காற்றுப்புகாத பை. உள்ளே இரண்டு பாலிதீன் பை, வெளியே ஒரு நெய்த பை, ஆக மூன்று அடுக்குப் பை இப்போது கிடைக்கிறது. ஹைதராபாத் அருகே பட்டாஞ்செருவில் உள்ள இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையத்தில் இதே வண்டை வைத்து இந்தப் பையைச் சோதித்து, பலன் இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். காரணம் எளிது. உள்ளே இருக்கிற வண்டும் புழுவும் மூச்சு விட்டு, இருக்கிற பிராணவாயுவைத் தீர்த்துவிடும். புதுக் காற்று வராததால் தானே செத்துவிடும். மருந்து வேண்டாம். ஆனால் இரண்டு நிபந்தனை. காய் சரியாகக் காய்ந்திருக்க வேண்டும், ஈரக் காயைக் கட்டினால் உள்ளேயே புழுங்கிப் பூஞ்சாணம் பிடிக்கும். கட்டிய பிறகு, "எப்படி இருக்குதோ" என்று அடிக்கடி அவிழ்க்கக் கூடாது, எலியும் கடிக்க விடக் கூடாது. அவிழ்த்தால் காற்று புகுந்து வண்டு பிழைத்துக்கொள்ளும்.

ஆறு: சாதாரணச் சாக்கில் வைத்திருப்பவர்கள் மாதம் இரண்டு தடவை மூட்டையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். மேலே ஒன்றும் தெரியாது. வெள்ளைக் கூடு முதலில் அடியில்தான் தெரியும். தெரிந்தால் அந்த மூட்டையை வெளியே கொண்டுபோய்ப் பிரித்து, கூடுகளைப் பொறுக்கி எரித்து, நல்ல காயை மறுபடி உலர்த்துங்கள்.

ஏழு: விதைப்பதற்கு முன் நூறு பருப்பை எண்ணி ஈரச் சாக்கிலோ மணலிலோ முளைக்கப் போட்டுப் பாருங்கள். 70-க்குக் குறையாமல் முளைத்தால் அது விதை. குறைந்தால் விதை அளவை யோசிக்க வேண்டும், ரொம்பக் குறைந்தால் வேறு விதை தேட வேண்டும். நமக்குப் பக்கத்திலேயே திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டி.எம்.வி. என்று பெயர் கொண்ட மணிலா ரகங்கள் அந்தத் திண்டிவனத்துப் பெயரைத்தான் தாங்கியிருக்கின்றன. காட்டுப்பாக்கத்தில் வேளாண் அறிவியல் நிலையமும் உண்டு. சந்தேகத்தைக் கேட்டுக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கிடங்குகளில் புகைமூட்டம் போட அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை உபயோகிக்கிறார்கள். அதிலிருந்து வரும் வாயு ஆளையே கொல்லும். பயிற்சியும் அனுமதியும் பெற்றவர்கள்தான் அதைக் கையாள வேண்டும். யாரோ கொடுத்தார்கள் என்று வாங்கி வந்து, பிள்ளைகுட்டி படுத்துத் தூங்குகிற வீட்டில் மூட்டைக்குள் போடவே கூடாது. இரண்டு மூட்டை விதையைவிட உயிர் பெரிது.

இனி வேலிக்காத்தானுக்கு வருவோம். "வண்டு நெற்றைத் தின்னுதே, அப்ப வண்டை விட்டே வேலிக்காத்தானை ஒழிச்சிடலாமே" என்று கேட்கலாம். நல்ல கேள்வி.

வேலிக்காத்தான், அதாவது சீமைக்கருவேல், அமெரிக்கக் கண்டத்து வறண்ட பூமி மரம். 1877-ஆம் வருஷத்தில் ஜமைக்காவிலிருந்து விதை வரவழைத்து, அப்போதைய சென்னை மாகாணத்தில் கடப்பைப் பக்கம் ஊன்றினார்கள். விறகுக்கும், வறண்ட நிலத்தைப் பசுமையாக்கவும் என்று கொண்டு வந்தது, இன்றைக்கு ஏரி, தாங்கல், வாய்க்கால் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது. 2017-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதை அகற்றச் சொல்லி உத்தரவிட்டது. 2022-இல் தமிழ்நாடு அரசு அயல் செடிகளை அகற்றுவதற்கென்று ஒரு கொள்கையே வெளியிட்டது.

அதனுடைய தாய்நாட்டில் அந்த மரத்தை நம்பி எத்தனையோ வண்டுகள் வாழ்கின்றன. கிளை வெட்டி வண்டு என்று ஒன்று. தாய் வண்டு கிளையைச் சுற்றி அரைஞாண் கட்டினாற்போலப் பட்டையைக் கடித்து, அதற்கு மேல்பக்கம் முட்டையிடும். கிளை காய்ந்துவிடும், புழு அந்தக் காய்ந்த கட்டையைத் தின்று வளரும். நெற்றுக்குள் விதையைத் தின்கிற வண்டுகளும் அங்கே பல உண்டு. மரம் இங்கே வந்தபோது அந்தப் பகையாளிகள் கூட வரவில்லை. அது இங்கே தறிகெட்டு வளர்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

தென் ஆப்பிரிக்காவில் இதே இன மரத்தால் மேய்ச்சல் நிலம் போயிற்று. அவர்கள் 1987-இல் அமெரிக்காவிலிருந்து விதை தின்னும் வண்டைக் கொண்டு வந்து விட்டார்கள். மரத்தைக் கொல்லும் பூச்சியை விடாமல், விதை தின்னும் வண்டை மட்டும் விட்டதற்குக் காரணம் உண்டு. அங்கேயும் நெற்று ஆடுமாட்டுக்குத் தீவனம், மரம் விறகு. வண்டு நிலைத்துவிட்டது. ஆனாலும் மரம் பரவுவது நிற்கவில்லை. ஏன்? நெற்று விழுந்ததும் வண்டு வருவதற்கு முன்னே ஆடும் மாடும் தின்றுவிடுகின்றன. விதை சாணத்தோடு வேறு இடத்துக்குப் போய் முளைக்கிறது. அந்தச் சாணத்துக்குள் வண்டு தேடிப் போய் எல்லா விதையையும் தின்ன முடியுமா?

நம்ம ஊரிலும் அதே கதைதான். இங்கத்தி வண்டுகள் வேலிக்காத்தான் நெற்றில் ஓட்டை போடத்தான் செய்கின்றன. ஆனால் ஒரு நெற்றில் பத்து இருபது விதை, ஒரு மரத்தில் ஆயிரக்கணக்கில் நெற்று. மிச்சத்தை ஆடு பரப்பிவிடுகிறது. ஆகவே வண்டை நம்பி உட்கார முடியாது. வெளிநாட்டு வண்டை நாமாகக் கொண்டு வருவதற்கும் வழியில்லை, அதற்கு மத்திய அரசின் அனுமதி வேண்டும். அது சரியான கட்டுப்பாடும்கூட. ஏனென்றால் நெற்று தின்னும் வண்டு பயிருக்குத் தாவினால் என்ன ஆகும் என்பதற்குப் புளி வண்டே சாட்சி.

நம்மால் முடிந்தது வேறு இருக்கிறது. நெற்று உதிரும் காலத்தில் வேலிக்காத்தானில் மேய்ந்த ஆட்டை நேரே நல்ல நிலத்தில் கிடை போடாதீர்கள். ஒரு வாரம் பட்டியில் அடைத்து வேறு தீனி கொடுத்த பிறகு கிடை போடுங்கள். நெற்றைப் பொறுக்கி விதையோடு அரைத்துத் தீவனத்தில் அளவாகச் சேர்த்தால் விதையும் செத்தது, தீனியும் ஆயிற்று. மரத்தை வெட்டும்போது தரைமட்டத்தில் வெட்டினால் மறுபடி பத்துக் கிளை அடிக்கும். வேர்க்கழுத்துக்குக் கீழே தோண்டி எடுக்க வேண்டும். களத்துக்கும் கிடங்குக்கும் பக்கத்தில் இருக்கிற மரத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

கடைசியாக ஒன்று. வேலிக்காத்தான் விறகை அடுக்கி வைத்தால் சில மாதத்தில் மாவு மாதிரித் தூள் கொட்டுகிறதே, அது புளி வண்டு இல்லை. அது கட்டை துளைக்கும் வேறொரு கறுப்பு வண்டு. தலைப்பக்கம் உருண்டை, பின்பக்கம் வெட்டிவிட்டாற்போல இருக்கும். அதற்கு வேண்டியது கட்டையில் இருக்கிற மாவுச்சத்து. கூரைக்கு, பந்தலுக்கு என்று கட்டை வெட்டினால் சில வாரம் தண்ணீரில் ஊறப் போட்டு எடுத்தால் இந்தத் தொல்லை குறையும். விறகுத் தூளைப் பார்த்து மணிலாவுக்குப் பயப்பட வேண்டாம். புளியங்கொட்டைச் சாக்கைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும்.

புளியமரத்தை வெட்டச் சொல்லவில்லை. கொன்றையும் கருவேலும் ஊருக்கு வேண்டிய மரங்கள். வண்டு மரத்தில் இருக்கட்டும், அது அதன் இடம். மூட்டைக்கு வரும் வழியை நாம் அடைத்தால் போதும். இந்தப் பங்குனியில் மணிலா பிடுங்கும்போது, முதல் வேலையாக வீட்டிலே புளியங்கொட்டை எந்த மூலையில் கிடக்கிறது என்று பாருங்கள். அதை வெளியேற்றிவிட்டு அப்புறம் மூட்டையை உள்ளே கொண்டு வாருங்கள்.